வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி: பெர்ண்ட் ஷ்னைடரின் பந்தய வாழ்க்கை

1989ஆம் ஆண்டு ஃபார்முலா ஒன் பந்தயங்களில் பங்குபெற 39 கார்கள் பதிவாகியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை ஓடக்கூடியவை 26 மட்டுமே. அந்த 26ஐத் தேர்வு செய்யும் தகுதிச்சுற்றிலும் 30 கார்களுக்குத்தான் இடம். மிகுந்த கூட்டத்தைக் கழிக்க முன்தகுதிச்சுற்று என்றோர் ஏற்பாடு செய்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு, பார்வையாளர் மேடைகள் நிறையும் முன்பே, 13 கார்கள் தடத்தில் இறங்கும். ஒரு மணி நேரம் அவகாசம். அதற்குள் மிகக் குறைந்த நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கும் நான்கு கார்கள் உள்ளே போகலாம். மற்ற ஒன்பதும் வீட்டுக்குப் போகலாம். பந்தய வார இறுதி பிறருக்குத் தொடங்கும் வேளையில் இவர்களுக்கு முடிந்துவிடும். கடல் கடந்து கொண்டுவந்த காரை ஒன்பது மணிக்கே பெட்டியில் அடைக்க வேண்டியதுதான்.

பெர்ண்ட் ஷ்னைடர் என்ற ஜெர்மானிய இளைஞர் அந்த ஆண்டு 16 வெள்ளிக்கிழமைகளில் இப்படி வரிசையில் நின்றார். 14 முறை கழிக்கப்பட்டார். தேறிய இரண்டு பந்தயங்களிலும் அவரால் இறுதிக்கோட்டை எட்ட முடியவில்லை. ஃபார்முலா ஒன் வரலாற்றின் ஏடுகளில் அவர் பெயருக்கு எதிரே உள்ள கணக்கு இது: பதிவு 34, ஓடியவை 9, புள்ளி சுழியம். இந்த ஒரு வரியை மட்டும் படிப்பவர், அவர் தெரியாத்தனமாக உள்ளே நுழைந்துவிட்ட ஒரு மூன்றாந்தர ஓட்டுநர் என்றுதான் நினைப்பார்.

அதே மனிதருக்கு ஜெர்மனியில் 'மிஸ்டர் டிடிஎம்' என்று பெயர். அந்நாட்டின் தலையாய டூரிங் கார் போட்டித்தொடரில் ஐந்து முறை சாம்பியன், 43 வெற்றிகள். அந்த ஐந்து என்ற எண்ணை இன்றுவரை வேறெவரும் எட்டவில்லை. இந்த இரு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

ஷ்னைடர் 1964 ஜூலை 20 அன்று சார்லாந்தில் உள்ள சாங்க்ட் இங்பெர்ட்டில் பிறந்தார். பிரான்சின் எல்லையை ஒட்டிய சிறிய மாநிலம் அது. நிலக்கரியும் இரும்பும் விளைந்த மண். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரான்சின் ஆதிக்கத்தில் இருந்து, 1955இல் மக்கள் வாக்கெடுப்பு நடந்து, 1957இல்தான் மேற்கு ஜெர்மனியோடு சேர்ந்தது. ஜெர்மன் மொழியில் 'ஷ்னைடர்' என்றால் தையற்காரர். இந்தப் பெயர்ப்பொருளை நான் பின்னால் ஓரிடத்தில் பயன்படுத்திக்கொள்ளப் போகிறேன், வாசகர் பொறுத்தருள்க.

சிறுவயதில் கோ-கார்ட் பந்தயங்கள், பிறகு ஃபார்முலா ஃபோர்டு, 1987இல் ஜெர்மன் ஃபார்முலா மூன்று சாம்பியன் பட்டம் என்று அவருடைய ஏற்றம் ஒழுங்கான படிக்கட்டாக இருந்தது. அடுத்த படி ஃபார்முலா ஒன். அந்தக் காலத்து ஜெர்மனியின் மனநிலையை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். உலக சாம்பியன் பட்டத்தின் வாசல்வரை சென்ற வுல்ஃப்காங் ஃபான் ட்ரிப்ஸ் 1961இல் மோன்சாவில் பலியானார். யோகன் மாஸ் 1975இல் ஸ்பெயினில் ஒரே ஒரு பந்தயம் வென்றார். 1985ஆம் ஆண்டு மிகக் கொடியது. ஆகஸ்டில் கனடாவின் மோஸ்போர்ட் தடத்தில் மான்ஃப்ரெட் விங்கெல்ஹோக் விபத்துக்குள்ளாகி இறந்தார். மூன்று வாரங்கள்கூட ஆகவில்லை, பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் ஷ்டெஃபான் பெல்லோஃப் இறந்தார். பெல்லோஃபுக்கு வயது 27. மெர்சிடிஸ், போர்ஷே, பிஎம்டபிள்யூ எல்லாம் பிறந்த நாட்டுக்கு உலக சாம்பியன் ஒருவர்கூடக் கிடையாது. அந்த வெற்றிடத்தில்தான் 1988இல் 23 வயது ஷ்னைடர் வந்து நிற்கிறார். ஜெர்மன் அணி, ஜெர்மன் எஞ்சின், ஜெர்மன் ஓட்டுநர்.

அணியின் பெயர் சாக்ஸ்பீட். எரிக் சகோவ்ஸ்கி என்பவர் நீடர்சிஸ்ஸன் என்ற சிற்றூரில், நூர்பர்க்ரிங் பந்தயத்தடத்துக்கு அருகே, தன் கார்ப்பட்டறையிலிருந்து வளர்த்தெடுத்த அணி அது. போரின் முடிவில் கிழக்குப் பிரஷ்யாவிலிருந்து அகதியாக வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர் சகோவ்ஸ்கி. எழுபதுகளில் ஃபோர்டு எஸ்கார்ட் கார்களை வைத்துக்கொண்டு, அவர் ஜெர்மன் பந்தயத் தடங்களில் பெரிய நிறுவனங்களை ஓட ஓட விரட்டினார். 1981இல் க்ளாவுஸ் லூட்விக் சாக்ஸ்பீடின் ஃபோர்டு காப்ரி காரில் ஜெர்மன் சாம்பியன் ஆனார். கூரையுள்ள கார்களில் ஈடு இணையில்லாத கைவினைஞராக விளங்கிய சகோவ்ஸ்கிக்கு ஃபார்முலா ஒன் ஆசை வந்தது 1985இல். காரைத் தானே கட்டினார். அதற்கான டர்போ எஞ்சினையும் தானே கட்டினார். ஃபெராரி போன்ற பெருநிறுவனம் செய்யும் காரியத்தை ஒரு கிராமத்துப் பட்டறை செய்யத் துணிந்தது. ஐந்து ஆண்டுகளில் அவர்களுக்குக் கிடைத்தவை மொத்தம் இரண்டு புள்ளிகள். 1987இல் இமோலாவில் மார்ட்டின் பிரண்டில் ஐந்தாவதாக வந்தபோது கிடைத்தவை.

பின்னாளில் ஷ்னைடருக்கு நேரவிருந்தது சகோவ்ஸ்கிக்கு முன்பே நேர்ந்துவிட்டது. தான் அரசனாக இருந்த நாட்டை விட்டு, தன்னை யாரென்று கேட்கும் நாட்டுக்குப் போனார்.

1988ஆம் ஆண்டு டர்போ எஞ்சின்களுக்குக் கடைசி ஆண்டு. அழுத்த அளவை 4 பாரிலிருந்து 2.5 பாராகக் குறைத்து, எரிபொருளை 150 லிட்டராகச் சுருக்கி, விதிமுறையே அவற்றை மூச்சுத்திணற வைத்தது. ஹோண்டா போன்ற பெருநிறுவனத்தால் அந்தக் கெடுபிடிக்குள்ளும் சிறக்க முடிந்தது. மெக்லாரன்-ஹோண்டா 16 பந்தயங்களில் 15ஐ வென்றது. நீடர்சிஸ்ஸனின் எஞ்சினால் முடியவில்லை. ஷ்னைடர் அந்த ஆண்டு ஆறு பந்தயங்களில் மட்டுமே தகுதி பெற்றார். சொந்த நாட்டில், ஹோக்கன்ஹைமில், 12ஆவதாக வந்தார்.

மறு ஆண்டு சாக்ஸ்பீட் தன் எஞ்சினைக் கைவிட்டு யமஹாவின் வி8 எஞ்சினைப் பொருத்திக்கொண்டது. யமஹாவுக்கு ஃபார்முலா ஒன்னில் அதுதான் முதல் ஆண்டு. அந்த எஞ்சின் பலம் குன்றியது, அடிக்கடி பழுதாவது. ஷ்னைடரின் அணித்தோழர் ஜப்பானியரான அகுரி சுசுகி. அவர் 16 வெள்ளிக்கிழமைகளிலும் தோற்றார், ஒன்றுகூடத் தேறவில்லை. ஷ்னைடர் ஆண்டின் முதல் பந்தயமான பிரேசிலில் தேறினார். எடி சீவரின் காரோடு மோதி வெளியேறினார். பிறகு அக்டோபரில் ஜப்பானின் சுசுகாவில்தான் மறுபடி தேறினார். அங்கும் தொடங்கிய வேகத்திலேயே இயந்திரக் கோளாறில் கார் நின்றுவிட்டது. அயர்டன் சென்னாவும் அலன் ப்ராஸ்டும் மோதிக்கொண்ட புகழ்பெற்ற பந்தயம் அது. அன்றைய நாளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஏறத்தாழ ஏழு மாத இடைவெளிக்குப் பின் ஓடக்கிடைத்த ஓட்டுநர் ஒருவரின் கார் அதே பந்தயத்தில் ஓசையின்றி நின்றதை யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டிய காரணமும் இல்லை.

பழியை முழுவதும் காரின் மேல் போடுவது எளிது. ஆயினும் அதற்கு ஆதாரம் இருக்கிறது. ஒரு முறைகூடத் தேறாத அந்த அகுரி சுசுகி, மறு ஆண்டே, அதே சுசுகா தடத்தில், லோலா காரில் மூன்றாவதாக வந்தார். ஃபார்முலா ஒன் வெற்றிமேடையில் ஏறிய முதல் ஜப்பானியர் அவர். ஓராண்டில் ஒரு மனிதனின் கைகள் அவ்வளவு மாறிவிடுமா என்ன?

அந்த 1989இன் வெள்ளிக்கிழமை வரிசையை ஒருமுறை தலைமுதல் கால்வரை படித்துப் பார்க்கலாம். அந்த ஆண்டின் வெவ்வேறு கட்டங்களில் அதில் நின்றவர்கள் யார் யார்? மார்ட்டின் பிரண்டில்: மறு ஆண்டே ஜாகுவார் காரில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றார். ஃபோல்கர் வைட்லரும் பெர்ட்ராண்ட் கஷோவும்: 1991இல் மாஸ்டா காரில் அதே லெ மானை வென்று ஜப்பானியக் கார் ஒன்றுக்கு முதல் வெற்றியைத் தந்தார்கள், வைட்லர் ஒரு ஃபார்முலா ஒன் பந்தயத்தில்கூட ஓடியதில்லை. ஷ்டெஃபான் யோஹான்சன், மிக்கேலே அல்பொரேட்டோ: 1997இல் லெ மான். யோவாகிம் விங்கெல்ஹோக், இறந்துபோன மான்ஃப்ரெட்டின் தம்பி: ஏழு முறை முயன்று ஏழு முறையும் கழிக்கப்பட்டவர்; 1993இல் பிரிட்டிஷ் டூரிங் கார் சாம்பியன், 1999இல் லெ மான் வெற்றியாளர். நிக்கோலா லரினி: 1993இல் டிடிஎம் சாம்பியன். கூடவே ஷ்னைடர். கழித்துப்போட்ட குவியல் என்று பந்தய உலகம் நினைத்த இடத்தில் இத்தனை பேர் இருந்திருக்கிறார்கள். சல்லடையின் கண் எதை அளந்தது என்ற கேள்வி எழாமல் இருக்குமா?

1990இல் ஆரோஸ் அணிக்காக மாற்று ஓட்டுநராக இரண்டு வாய்ப்புகள் கிடைத்தன. ஃபீனிக்சில் 12ஆவது இடம். ஸ்பெயினில் தகுதி பெறவில்லை. அத்துடன் கதவு சாத்தப்பட்டது. அடுத்த ஆண்டு அதே கதவு வழியாக மிஷாயேல் ஷூமாக்கர் நுழைந்தார். ஷ்னைடரைவிட ஏறத்தாழ நான்கரை வயது இளையவர். நாடு எதிர்பார்த்திருந்த ஆள் வந்துவிட்டார். ஷ்னைடர் எதிர்த்திசையில் நடந்தார்.

டிடிஎம் என்பது 'டாய்ச்சே டூரன்வாகன் மைஸ்டர்ஷாஃப்ட்' என்பதன் சுருக்கம். ஜெர்மன் டூரிங் கார் சாம்பியன்ஷிப். 1984இல் வேறொரு பெயரில் தொடங்கி, 1986இல் இந்தப் பெயரைப் பெற்றது. கடையில் விற்கும் குடும்பக் காரைப் பந்தயத்துக்கேற்ப மாற்றி ஓட்டுவதுதான் அடிப்படை. கூரை உண்டு, கதவு உண்டு. வார நாளில் தன் வீட்டு வாசலில் நிற்கும் காரின் உருவத்தை ஞாயிற்றுக்கிழமை தடத்தில் பார்க்கிற ரசிகனுக்கு அதில் ஒரு சொந்தம். நிறுவனங்களும் அதைத்தான் விரும்பின. விதிப்படி பந்தய வடிவத்தின் மூலக்காரை 500 எண்ணிக்கையில் உற்பத்தி செய்தாக வேண்டும். மெர்சிடிஸ் 190இ 2.5-16 எவல்யூஷன் 2 காரை அந்நிறுவனம் 502 மட்டும் செய்தது. பின்புறம் பெரிய இறக்கை வைத்த அந்தச் சாதுவான நான்கு கதவுக் கார், சேகரிப்பாளர்கள் தேடி அலையும் பொருளாகிவிட்டது.

முதல் சாம்பியன் ஃபோல்கர் ஷ்ட்ரிசெக் 1984இல் ஒரு பந்தயத்தைக்கூட வெல்லாமல் பட்டம் பெற்றார் என்பது இந்தத் தொடரின் குணத்தைச் சொல்லும் செய்தி. இங்கே பாய்ச்சலைவிடக் கணக்குக்கு மதிப்பு அதிகம். வென்றவரின் காரில் எடையை ஏற்றி மற்றவர்களுக்கு வாய்ப்பளிக்கும் வழக்கமும் இருந்தது. நேற்றைய வெற்றியை இன்று மடியில் சுமந்துகொண்டு ஓட வேண்டும். ஃபார்முலா ஒன் காரைப்போல இருமடங்கு எடையுள்ள வண்டி. சக்கரங்கள் உடலுக்குள் மூடியிருப்பதால் உரசலாம், தோளால் இடிக்கலாம், ஓரளவு தள்ளவும் செய்யலாம். திறந்த சக்கரக் காரில் ஒரு தொடுதல் இருவரையும் வெளியேற்றிவிடும். டூரிங் காரில் தொடுவது ஒரு மொழி. எவ்வளவு தொட்டால் எச்சரிக்கை, எவ்வளவு தொட்டால் குற்றம் என்ற இலக்கணம் அனுபவத்தால் மட்டுமே வருவது.

இந்தப் பந்தயங்கள் நடந்த இடங்களில் ஒன்றைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நூரெம்பெர்க் நகரின் நோரிஸ்ரிங், 2.3 கிலோமீட்டரே நீளமுள்ள தெருத்தடம். அதன் முக்கியப் பார்வையாளர் மேடை, ஹிட்லரின் கட்சி மாநாடுகளுக்காக ஆல்பர்ட் ஷ்பேயர் வடிவமைத்த ட்செப்பெலின் மைதானத்தின் கல்மேடை. 1945இல் அமெரிக்கப் படையினர் அதன் உச்சியிலிருந்த ஸ்வஸ்திகாவை வெடிவைத்துத் தகர்த்தார்கள். மேடை மட்டும் நின்றது. அணிவகுப்பு பார்த்த படிகளில் அமர்ந்து இன்று மக்கள் கார்ப்பந்தயம் பார்க்கிறார்கள். ஜெர்மானியர்கள் தங்கள் வரலாற்றின் கனத்தை என்ன செய்வதென்று அறியாமல், அதைச் சுற்றிக் கார் ஓட்டுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

1992இல் ஷ்னைடர் மெர்சிடிசின் ஏஎம்ஜி அணிக்கு வந்தார். ஏஎம்ஜி என்ற மூன்றெழுத்தில் 'ஏ' நிறுவனர் ஹான்ஸ் வெர்னர் ஆஃப்ரெக்ட், 'எம்' அவருடைய கூட்டாளி எர்ஹார்ட் மெல்ஹர், 'ஜி' ஆஃப்ரெக்டின் ஊரான க்ரோஸாஸ்பாக். மீண்டும் ஒரு பட்டறைக் கதைதான். லெ மானில் 1955இல் மெர்சிடிஸ் கார் ஒன்று கூட்டத்துக்குள் சிதறி எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபின், அந்நிறுவனம் பல்லாண்டுகள் பந்தயத்திலிருந்து ஒதுங்கியிருந்தது. எண்பதுகளில் மெல்லத் திரும்பியபோது டூரிங் கார் அதன் ஒரு வழியாக அமைந்தது. பந்தயப் பிரிவுக்கு அப்போது தலைவர் நோர்பெர்ட் ஹாவுக், பத்திரிகையாளராக இருந்தவர். அந்த ஆண்டு முதல் மூன்று இடங்களையும் மெர்சிடிசே பிடித்தது: லூட்விக், குர்ட் தீம், ஷ்னைடர். அதே ஆண்டு மே மாதம் ஹோக்கன்ஹைமில் அதே நிறுவனத்தின் எல்லன் லோர் டிடிஎம் பந்தயம் ஒன்றை வென்ற முதல் பெண் ஆனார். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

லூட்விக் அப்போது நாற்பதைத் தாண்டியவர். 'அரசர் லூட்விக்' என்று ரசிகர்கள் அழைப்பார்கள். மூன்று முறை லெ மான் வென்றவர். பெரிய ஓட்டுநர் ஒருவரின் வாழ்க்கை ஃபார்முலா ஒன்னைச் சாராமலே நிறைவடைய முடியும் என்பதற்கு ஷ்னைடரின் கண்ணெதிரே நின்ற சான்று அவர்.

1995இல் எல்லாம் கூடிவந்தது. மெர்சிடிஸ் சி-கிளாஸ், 2.5 லிட்டர் வி6 எஞ்சின், ஏறத்தாழ 500 குதிரைத்திறன், மின்னணுக் கருவிகள் நிறைந்த கார். ஷ்னைடர் ஜெர்மன் பட்டத்தையும், அவ்வாண்டு அதனோடு இணைந்து வெளிநாடுகளில் நடந்த ஐடிசி என்னும் சர்வதேசத் தொடரின் பட்டத்தையும் சேர்த்து வென்றார். தையற்காரரின் அளவுக்கு ஒருவழியாகச் சட்டை கிடைத்தது.

கிடைத்த சட்டை நெடுநாள் நீடிக்கவில்லை. 1996இல் தொடர் முழுக்க சர்வதேசமாகி, ஜப்பானுக்கும் பிரேசிலுக்கும் போனது. பட்டம் ஓப்பல் காலிப்ரா ஓட்டிய மனுவேல் ராய்ட்டருக்கு, ஷ்னைடர் இரண்டாமிடம். குடும்பக் கார் என்ற பெயரில் ஓடியவை அதற்குள் விண்கலங்கள் ஆகிவிட்டிருந்தன. செலவு தாங்காமல் ஓப்பலும் ஆல்ஃபா ரோமியோவும் விலகின. மெர்சிடிஸ் தனியாகத் தன்னோடு பந்தயம் ஓட முடியாதல்லவா? தொடரே கலைந்தது. தன்னுடைய களம் என்று ஒன்றைக் கண்டடைந்தவனுக்குக் களமே காணாமற்போவது எப்படிப்பட்ட அனுபவம் என்று யோசிக்கிறேன். மேடையில்லாத நாடக நடிகனின் நிலை.

இடைப்பட்ட மூன்று ஆண்டுகளை அவர் ஜிடி கார்களில் கழித்தார். 1997இல் சிஎல்கே-ஜிடிஆர் காரில் எஃப்ஐஏ ஜிடி சாம்பியன். மறு ஆண்டு மெர்சிடிஸ் பத்துப் பந்தயங்களையும் வென்றது. பட்டம் லூட்விக்கும் ரிக்கார்டோ சோன்டாவும் ஓட்டிய காருக்குப் போனது. ஷ்னைடரும், பின்னாளில் ஃபார்முலா ஒன்னில் பெயர்பெற்ற ஆஸ்திரேலியர் மார்க் வெப்பரும் இரண்டாமிடம் பெற்றார்கள். 1998 லெ மானில் முதல் வரிசையின் முதலிடத்தை ஷ்னைடர் பெற்றுத் தந்தார். சில மணி நேரத்தில் எஞ்சின் போயிற்று. 1999 லெ மான் ஒரு பயங்கரம். மெர்சிடிஸ் சிஎல்ஆர் கார்கள் நேர்ச்சாலையில் முன்பக்கம் காற்றில் எழும்பிப் பறந்தன. வெப்பருக்குப் பந்தயத்துக்கு முன்னரே இரு முறை இப்படி நேர்ந்தது. பந்தயத்தின்போது பீட்டர் டம்பிரெக்கின் கார் தடுப்பைத் தாண்டி மரங்களுக்கிடையே போய் விழுந்தது; அவர் பிழைத்தது அதிசயம். எஞ்சியிருந்த ஒரே கார் ஷ்னைடருடையது. அதை உடனே திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அன்று வென்ற பிஎம்டபிள்யூ காரை ஓட்டியவர்களில் ஒருவர் யோவாகிம் விங்கெல்ஹோக், அந்த வெள்ளிக்கிழமை வரிசையின் பழைய தோழர்.

2000இல் டிடிஎம் புதுப்பிறவி எடுத்தது. இம்முறை கவனமாக விதி எழுதினார்கள். 4 லிட்டர் வி8 எஞ்சின், பல உறுப்புகள் எல்லோருக்கும் பொது, மின்னணு உதவிகளுக்கு இடமில்லை. ஓட்டுநரின் காலும் கையும் மறுபடி முக்கியமாயின. ஷ்னைடருக்கு வயது 36. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் அவரே சாம்பியன். சேர்த்துக்கொள்ளப்பட்ட புதிய தடங்களில் ஒன்று லாவ்ஸிட்ஸ்ரிங். பழைய கிழக்கு ஜெர்மனியில் பழுப்பு நிலக்கரி வெட்டியெடுத்த நிலத்தில் எழுப்பப்பட்டது.

என் கருத்தில் 2001 பட்டம் அவ்வளவு சுவையானதல்ல. மெர்சிடிசின் கை மிக ஓங்கியிருந்தது. 2002இல் ஆப்ட் அணியின் ஆவ்டி டிடி காரில் லோரான் அயெல்லோ அவரை இரண்டாமிடத்துக்குத் தள்ளினார். 2003இல் கிறிஸ்டியான் ஆல்பெர்ஸ் என்ற டச்சு இளைஞரோடு கடைசிப் பந்தயம்வரை இழுபறி. பட்டம் ஷ்னைடருக்கே வந்தது. எல்லாவற்றிலும் அழகியது 2006. அப்போது அவருக்கு வயது 42. எதிரே அதே நிறுவனத்தின் ப்ரூனோ ஸ்பெங்லர், கனடாக்காரர், 19 வயது இளையவர். ஸ்பெங்லர்தான் அதிகப் பந்தயங்களை வென்றார். பட்டம் ஷ்னைடருக்குக் கிடைத்தது. வெல்ல முடியாத நாளில் எதை இழக்காமல் இருப்பது என்பது தெரிந்தவரின் கணக்கு அது. இளமைக்கு அந்தக் கணக்கு பிடிபடாது; பிடிபடவும் வேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். நல்ல அணி, பெரும்பணம், இரண்டு மூன்று நிறுவனங்களே மோதும் தேசியத் தொடர். அதில் ஐந்து பட்டம் பெறுவது பெரிய காரியமா? ஃபார்முலா ஒன் ஓட்டுநர்கள் வந்திருந்தால் தெரிந்திருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. வந்தார்கள். இருமுறை உலக சாம்பியனான மிக்கா ஹாக்கினன் 2005 முதல் மூன்று ஆண்டுகள் மெர்சிடிசில் ஓட்டி மூன்று பந்தயங்கள் வென்றார், பட்டத்தை நெருங்கவில்லை. ஃபார்முலா ஒன்னில் மூன்று வெற்றி கண்ட ஹைன்ஸ்-ஹரால்ட் ஃப்ரென்ட்சன் 2004 முதல் மூன்றாண்டுகள் ஓட்டி ஒன்றும் வெல்லவில்லை. ரால்ஃப் ஷூமாக்கர் 2008 முதல் ஐந்தாண்டுகள் ஓட்டினார், ஒன்றுமில்லை. டேவிட் கூல்ட்ஹார்ட், ஃபார்முலா ஒன்னில் 13 முறை வென்றவர், மூன்று ஆண்டுகள் டிடிஎம்மில் வெறுங்கையோடு திரும்பினார். அவர்கள் எல்லோரும் ஓட்டுநர் வாழ்வின் மாலைப்பொழுதில் வந்தவர்கள். கிடைத்த கார்களும் எப்போதும் சிறந்தவையல்ல. இவற்றைக் கழித்தே பார்ப்போம். ஆனால் ஷ்னைடருக்கு 1989இல் கிடைத்த கார் எப்படிப்பட்டது என்ற அதே கழிவை அவருக்கும் தர வேண்டும் அல்லவா? ஒருவருக்குச் சூழலைச் சொல்லி, இன்னொருவருக்கு எண்ணை மட்டும் சொல்வது நேர்மையான அளவையல்ல.

இதனால் நல்ல கார் கிடைத்திருந்தால் ஷ்னைடர் உலக சாம்பியன் ஆகியிருப்பார் என்று நான் வாதிடவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. அந்த வாதமும் உள்ளுக்குள் ஃபார்முலா ஒன்னையே இறுதி அளவுகோலாக ஒப்புக்கொள்கிறது. தமிழ் கற்பிக்கும் எனக்கு இந்த நோயின் இன்னொரு வடிவம் நன்கு பழக்கம். காப்பியம் பாடியவரை மேலே ஏற்றி, தனிப்பாடல் பாடியவருக்குப் பின்னிணைப்பில் இரண்டு வரி ஒதுக்கும் இலக்கிய வரலாறுகளைத்தான் ஆண்டுதோறும் வகுப்பில் பிரித்து வைக்கிறோம். நாலடிக்குள் சொல்லி முடிப்பவனிடம் ஏன் நாலாயிரம் அடி பாடவில்லை என்று கேட்பது என்ன கேள்வி?

2008 அக்டோபரில் ஹோக்கன்ஹைமில் ஷ்னைடர் டிடிஎம்மிலிருந்து விடைபெற்றார். அன்று சாம்பியன் ஆனவர் ஆவ்டியின் டீமோ ஷைடர். பெயரில் ஓரெழுத்துதான் குறைவு. அந்த வேடிக்கை ஒருபுறம் இருக்க, அவர் விட்டுச்சென்ற தொடரும் பின்னர் மாறிப்போனது. 2018 முடிவில் மெர்சிடிஸ் நிறுவனம் விலகியது. 2021 முதல் டிடிஎம் ஜிடி3 வகைக் கார்களோடு நடக்கிறது. அவர் ஓட்டிய வகைக் கார்கள் அத்தொடரில் இப்போது இல்லை.

விடைபெற்றவர் வீட்டில் உட்காரவில்லை. 2013ஆம் ஆண்டை மட்டும் சொல்கிறேன். ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயம். பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் 12 மணி நேரப் பந்தயம். மே மாதம் நூர்பர்க்ரிங் 24 மணி நேரம். ஜூலையில் ஸ்பா 24 மணி நேரம். நான்கிலும் மெர்சிடிஸ் எஸ்எல்எஸ் ஏஎம்ஜி காரை ஓட்டிய வெற்றிக் கூட்டணியில் அவர் இருந்தார். ஸ்பாவில் வென்றபோது வயது 49. துபாயிலும் நூர்பர்க்ரிங்கிலும் உடன் ஓட்டிய ஷான் எட்வர்ட்ஸ் என்ற இளைஞர் அதே ஆண்டு அக்டோபரில் ஆஸ்திரேலியத் தடம் ஒன்றில், பயிற்சியாளராகப் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்தபோது, விபத்தில் இறந்தார்.

நூர்பர்க்ரிங் பந்தயம் அந்த ஆண்டு மழையாலும் மூடுபனியாலும் இரவில் பல மணி நேரம் நிறுத்திவைக்கப்பட்டது. காலையில் மறுபடி தொடங்கி, கடைசியில் அவர்களுடைய கார் முதலாவதாக வந்தது. அதை மாறி மாறி ஓட்டிய நால்வரில் ஒருவர் நிக்கி தீம். 1992இல் ஷ்னைடருக்கு ஓரிடம் முன்னே முடித்த குர்ட் தீமின் மகன் அவர். ஷ்னைடர் தந்தையோடு போட்டியிட்டு, மகனோடு ஸ்டீயரிங்கைப் பகிர்ந்துகொண்டார். அந்தத் தடத்துக்கு அருகேதான் நீடர்சிஸ்ஸனும் இருக்கிறது.